தாலி வாங்கும் முன் அனுமதி வாங்குங்கள்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். வெளிநாட்டில் வேலை, அங்கே ஒரு காதல், இல்லையென்றால் இங்கே வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் மேல் காதல், அப்புறம் கல்யாணம் எங்கே, குடித்தனம் எங்கே. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிள்ளை இருக்கிற வீட்டைக் கை காட்டிவிடுவார்கள், அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை. மாமியார் சண்டை, சீட்டுப் பணக் கடிதங்கள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டை வாசகர்: அக்கா, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக ஆறு வருஷமாக இருக்கிறேன். வொர்க் பெர்மிட். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணை விரும்புகிறேன், அவள் சிட்டிசன். இரண்டு வீட்டிலும் சம்மதம். பெர்மிட் அடுத்த வருஷம் முடிகிறது. முடிந்ததும் ஊருக்கு வந்து திருவொற்றியூர் கோயிலில் தாலி கட்டிவிட்டு, மனைவி மூலமாகத் திரும்பிப் போய்விடலாம் என்று என்னை அனுப்பிய ஏஜென்ட் சொல்கிறார். பெர்மிட் கேன்சல் ஆகிவிட்டால் எந்த ரூலும் நம்மைத் தொடாதாம். சரிதானா?

தப்பு தம்பி. அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தை முதலில் வைத்ததற்குக் காரணமே, இந்தப் பொய் எத்தனை வருஷமாகியும் சாகாமல் டார்மிட்டரிக்கு டார்மிட்டரி, அதாவது தொழிலாளர் விடுதிக்கு விடுதி, சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறவர் அந்த நாட்டுக் குடிமகளையோ பி.ஆர். (அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வைத்திருக்கிறவரையோ கட்ட வேண்டுமானால் முதலில் மனிதவள அமைச்சு, அதாவது நீங்கள் எம்.ஓ.எம். என்று சொல்கிற இடம், அனுமதி தர வேண்டும். கல்யாணம் அங்கே நடந்தாலும் சரி, திருவொற்றியூரில் நடந்தாலும் சரி, விதி ஒன்றுதான். பெர்மிட் தேதி முடிந்து போனாலும், கேன்சல் ஆனாலும், அவர்களே ரத்து செய்திருந்தாலும், ஒரு காலத்தில் பெர்மிட்டில் இருந்தவர் என்றாலே இது கூடவே வரும். இது 2012-ஆம் வருஷத்து வேலை அனுமதி விதிமுறைகளில் பெர்மிட்டின் நிபந்தனையாகவே எழுதி வைத்த விஷயம். மீறினால் பெர்மிட் போய்விடும், திரும்ப அந்த நாட்டுக்குள் நுழையத் தடையும் விழும். உங்கள் ஏஜென்ட் சொல்கிற வழி நேராக அந்தத் தடையில்தான் கொண்டுபோய் விடும்.

என் சித்தி மகன் ஒருவன் இதே மாதிரி ஒருத்தர் பேச்சைக் கேட்டவன். பெர்மிட் முடிந்து வந்தான், பெண் அங்கிருந்து அப்பா அம்மாவோடு வந்தாள், கோயிலில் கல்யாணம், டி.எச். ரோட்டில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு, எல்லாம் நிறைவாக நடந்தது. மூன்று வாரத்தில் பெண் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவளுடைய கணவனாகப் போய்ச் சேர அவன் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்த அன்றைக்கு நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம், நாலே வரி. கடைக்காரப் பையன் அதைப் பிரிண்ட் போட்டு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டான். என் தம்பி அந்தத் தாளை நாலாக மடித்து, கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் செருகி வைத்தான். அப்புறம் அவள் லீவு கிடைக்கிறபோதெல்லாம் இங்கே வந்து போனாள். குழந்தை பிறந்தது. அவன் அதை முதல் தடவை கையில் தூக்கியபோது அதற்கு எட்டு மாசம். அந்த ஆலோசனை சொன்னவர் அன்றைக்கே போன் நம்பரை மாற்றிவிட்டார். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். பெர்மிட் கையில் இருக்கும்போதே, வேலையில் ஒழுங்காக இருக்கும்போதே, இரண்டு பேரும் சேர்ந்து எம்.ஓ.எம்.-இல் ஆன்லைனில் திருமண அனுமதி விண்ணப்பம் போடுங்கள். இதற்கு ஏஜென்ட் தேவையே இல்லை, அவளுக்கு சிங்பாஸ் (அங்கே அரசாங்க ஆன்லைன் வேலைகளுக்கான கணக்கு) இருக்கும், உட்கார்ந்து நிதானமாக நிரப்பினால் போதும். அவர்கள் பார்ப்பது இரண்டு பேரும் சேர்ந்து அரசாங்கத்துக்குப் பாரமாகாமல் ஒரு குடும்பத்தை நடத்த முடியுமா என்பதைத்தான், அதனால் அவளுடைய வருமானக் காகிதங்கள், உங்கள் படிப்புச் சான்றுகள், வேலையில் வாங்கிய பயிற்சிச் சான்றுகள் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வையுங்கள். வெல்டருக்கு எடுத்த கோர்ஸ் பேப்பரைச் சும்மா என்று நினைத்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அனுமதி கிடைத்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன், அது அவர்கள் முடிவு.

அதோடு இன்னொன்றையும் செய்யுங்கள். நிறையப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு அனுமதி என்பது அங்கே தங்க அனுமதி ஆகாது. தங்குவதற்குக் குடிநுழைவு ஆணையத்திடம், ஐ.சி.ஏ.விடம், நீண்டகால வருகை அனுமதி வாங்க வேண்டும். 2015-லிருந்து அவர்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு மதிப்பீடு செய்து தருகிறார்கள், இந்த ஜோடிக்கு அந்த அனுமதி கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று ஒரு கடிதம் கொடுப்பார்கள். கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்னால் அந்தக் கடிதம் கையில் இருந்தால் இரண்டு வீட்டாருக்கும் நிம்மதி. அந்த வருகை அனுமதி கிடைத்தபிறகு வேலை செய்ய ஒப்புதல் கடிதமும் வாங்கிக்கொள்ளலாம். குடிமகளைக் கட்டியவர் என்பதால், ஒரு சிங்கப்பூர்க் குடிமகனான குழந்தை இருந்தாலோ, குழந்தை இல்லாமல் மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்து வருமானமும் போதுமானதாக இருந்தாலோ, 2012-இல் கொண்டுவந்த 'ப்ளஸ்' வகைக்குப் போகலாம், அதில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கட்டணச் சலுகை உண்டு. பி.ஆர். கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள் டார்மிட்டரி நண்பர்களுக்கும் சேர்த்து ஒன்று. ஊரில் இந்தியப் பெண்ணைப் பார்த்துக் கட்டுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம், பெர்மிட்டில் இருப்பவர் அவளை அங்கே கூட்டிப்போய்க் குடித்தனம் வைக்க முடியாது, அவ்வளவுதான். பெர்மிட்டுக்கு மேல்படியில் உள்ள எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் மட்டுமே வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கல்யாண அனுமதி விஷயம் இல்லை, ஆனால் அதற்கு முன்னால் பெர்மிட்டில் இருந்து மேலே வந்தவர் என்றால் எம்.ஓ.எம்.-இடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

புளியந்தோப்பு வாசகி: என் அக்கா சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். அங்கே பி.ஆர். வைத்திருக்கும் ஒருவரோடு பழகி இப்போது மூன்று மாசக் கர்ப்பம். அவர் கட்டிக்கொள்கிறேன் என்கிறார். வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லவில்லை. எங்களுக்கு அம்மா இல்லை, நான்தான் அவளுக்கு எல்லாம். என்ன செய்வது?

முதலில் அக்காவிடம் திட்டாமல் பேசுங்கள், தங்கச்சி. அவள் இப்போது பயந்து போய் ஒரு அறைக்குள் இருக்கிறாள், உங்கள் குரல் ஒன்றுதான் அவளுக்குத் துணை.

பெர்மிட்டில் இருக்கிற பெண், அனுமதியோடு குடிமகனையோ பி.ஆரையோ கல்யாணம் செய்தவளாக இல்லாவிட்டால், அங்கே கர்ப்பமாகவும் குழந்தை பெறவும் பெர்மிட் நிபந்தனை இடம் கொடுக்காது. வீட்டு வேலைப் பெண்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் கர்ப்பப் பரிசோதனையும் சேர்த்தி. ஆகவே மறைத்து வைக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். இதற்கு ஜெயில் இல்லை, பெர்மிட் ரத்தாகி ஊருக்கு அனுப்புவார்கள். எனக்கு இந்த விதி பிடிக்கவே பிடிக்காது, ஊர்க் குழந்தையை எல்லாம் தூக்கி வளர்க்கிற பெண் தன் குழந்தையைச் சுமந்தால் பெட்டியைக் கட்டு என்பது என்ன நியாயம் என்று பல தடவை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். ஆனால் இன்றைக்கு இருக்கிற சட்டம் இதுதான், அதை வைத்துத்தான் அக்காவைக் காப்பாற்ற வேண்டும்.

வீட்டுக்கார அம்மா ஏன் கோபப்படுவார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பணிப்பெண்ணை எடுக்கும்போது அவர்கள் 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) உத்தரவாதப் பிணை கொடுத்திருப்பார்கள், அது போய்விடுமோ என்ற பயம். நிபந்தனைகளை முன்பே பெண்ணிடம் சொல்லி, விஷயம் தெரிந்ததும் அமைச்சுக்குத் தெரிவித்துவிட்டால் இதற்காக அந்தப் பணத்தைப் பிடிப்பதில்லை. அவரிடம் பேசும்போது இதைச் சொல்லலாம். பேசுவதற்கு முன்னால் அக்கா தன் பாஸ்போர்ட், சம்பளக் கணக்கு, போன் மூன்றையும் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். நிலைமை மோசமானால் அங்கே 'ஹோம்' என்ற அமைப்பும் 'டி.டபிள்யூ.சி. டூ' என்ற அமைப்பும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவி செய்கின்றன, தயங்காமல் கூப்பிடச் சொல்லுங்கள்.

அந்த மனிதர் உண்மையாகவே கட்டுவதாக இருந்தால் அவர் செய்ய வேண்டியது இன்றைக்கே எம்.ஓ.எம். அனுமதி விண்ணப்பத்தில் தன் கையெழுத்தைப் போடுவது. இந்தியாவுக்கு வந்து தாலி கட்டுகிறேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மேலே தண்டையார்பேட்டைத் தம்பிக்குச் சொன்ன தடை அவளுக்கும் பொருந்தும். அவர் பி.ஆர். மட்டுமே என்பதால் பிறக்கும் குழந்தைக்கு சிங்கப்பூர்க் குடியுரிமை வராது, அதற்கு அப்பாவோ அம்மாவோ குடிமக்களாக இருக்க வேண்டும். பிரசவம் நம் ஊரில் நடந்தால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் விடுபடாமல் இருக்க அவர் காகிதங்களின் நகலை இப்போதே வாங்கி வைக்கவும்.

ராயபுரம் வாசகி: என் பையன் சிங்கப்பூரில் முறைப்படி அனுமதி வாங்கி, அங்கேயே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டான். இப்போது இருவரும் இங்கேயே வந்து தங்கப் போகிறார்கள். மருமகள் சிங்கப்பூர் பாஸ்போர்ட். அவளை நம் ரேஷன் கார்டில் சேர்க்கலாமா?

முறையாக நடந்த கல்யாணம் என்று படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது அம்மா. ரேஷன் கார்டில் சேர்க்க முடியாது, அது இந்தியக் குடிமக்களுக்கானது. மருமகள் டூரிஸ்ட் விசாவில் வராமல், இந்தியரின் மனைவி என்ற முறையில் எக்ஸ் விசா வாங்கிக்கொண்டு வரட்டும். 180 நாளுக்கு மேல் தங்குகிற விசா என்றால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் அது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோட்டில் சாஸ்திரி பவனில் இருக்கிறது, விண்ணப்பம் எல்லாம் இப்போது ஆன்லைன்தான்.

பதிவான கல்யாணம் இரண்டு வருஷம் தொடர்ந்து நிலைத்திருந்தால் அவள் ஓ.சி.ஐ. அட்டைக்கு, அதாவது வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே விசா இல்லாமல் வந்து தங்குவதற்கான அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம். அது வந்துவிட்டால் விசாக் கவலை தீர்ந்தது, வேலைக்கும் போகலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. விவாகரத்தானால் அட்டையும் போய்விடும் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிங்கப்பூரில் வாங்கிய திருமணச் சான்றிதழுக்கு அங்கேயே அப்போஸ்டில் முத்திரை (வேறு நாட்டிலும் செல்லும் என்று அரசாங்கம் தரும் சான்று) வாங்கிவரச் சொல்லுங்கள், இங்கே வந்தபிறகு அதற்காக அலைவது பெரும்பாடு. முழு இந்தியக் குடியுரிமை வேண்டுமானால் இங்கே ஏழு வருஷம் வசித்தபிறகு கேட்கலாம், ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமையை விட வேண்டியிருக்கும். அவசரப்பட்டு அதைக் கேட்காதீர்கள், அந்தப் பெண்ணின் அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள்.

பெரம்பூர் வாசகி: எனக்கு 24 வயது. எங்கள் தெரு முனையில் பாஸ்ட் புட் கடையில் மாஸ்டராக இருக்கும் நேபாள்காரரை நான்கு வருஷமாகத் தெரியும். நல்லா தமிழ் பேசுவார். வீட்டில் "ஊர் பேர் தெரியாதவன், பாஸ்போர்ட்டே இல்லை, போலீஸ் பிடித்தால் என்ன செய்வாய்" என்கிறார்கள். நாங்கள் சட்டப்படி கல்யாணம் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். 1950-ஆம் வருஷம் இந்தியாவும் நேபாளமும் போட்ட ஒப்பந்தப்படி நேபாளக் குடிமக்கள் விசா இல்லாமல் வரலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். அவர் யாரையும் ஏமாற்றி இங்கே ஒளிந்திருக்கவில்லை, அதை உங்கள் வீட்டில் தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

கல்யாணத்தை 1954-ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்யுங்கள். இரண்டு பேரும் இந்துதானே, கோயிலில் முடித்துப் பதிவு பண்ணிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒருவர் வேறு நாட்டுக்காரர் என்கிறபோது பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாத வழி இதுதான், கோயில் சடங்கை அப்புறம் ஆசை தீரச் செய்துகொள்ளுங்கள். இரண்டு பேரில் ஒருவராவது அந்தப் பதிவு மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், நீங்கள் பிறந்ததே பெரம்பூர் என்பதால் அது பிரச்சினை இல்லை. நோட்டீஸ் கொடுத்தபிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் சட்டப்படியான ஆட்சேபணை வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போடலாம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாசம் தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அந்த நோட்டீஸை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள், புத்தகத்தில் வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன வருஷம் இப்படி ஒரு ஜோடியோடு நான் துணைக்குப் போயிருந்தேன். நில விற்பனைக்கு வந்த யாரோ பலகையைப் பார்த்துவிட்டு, பெண்ணின் மாமாவுக்கு அங்கிருந்தே போன் போட்டுவிட்டார். ஆகவே வீட்டுக்குத் தெரியாமல் நடக்கும் என்று திட்டம் போடாதீர்கள். நோட்டீஸ் கொடுக்கிற அன்றைக்குக் காலையில் நீங்களே வீட்டில் சொல்லிவிடுவது மேல். மிரட்டல் வரும் என்று தோன்றினால் மகளிர் காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். 'குடும்பத்தார் சம்மதம் இல்லை' என்பது சட்டத்தில் ஆட்சேபணையே கிடையாது.

காகித விஷயத்தில் அவர் பக்கம் கொஞ்சம் வேலை இருக்கிறது. அவர்கள் ஊரில் 'நாகரிக்தா' என்று ஒரு குடியுரிமைச் சான்று தருவார்கள், அதன் அசல் வேண்டும். கல்யாணம் ஆகாதவர் என்று அவருடைய வார்டு அலுவலகத்தில் ஒரு சான்று வாங்க வேண்டும். இங்கே ஒன்று கவனியுங்கள். நான் துணைக்குப் போன ஜோடியின் கதை இதில்தான் ஒரு நாள் முழுக்க நின்றது. நேபாளத்தில் விக்ரம் ஆண்டுக் கணக்கு, நம் கணக்கைவிடக் கிட்டத்தட்ட 57 வருஷம் முன்னால் ஓடுகிறது. அந்தப் பையனின் சான்றில் பிறந்த வருஷம் 2055 என்று இருந்தது. எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், "இன்னும் பிறக்கவே இல்லையேம்மா" என்றார். அதே சான்றின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் 1998 என்று போட்டிருந்ததைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் விண்ணப்பத்தை வாங்கினார். நீங்கள் முதல் நாளே இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து, மொழிபெயர்த்து, நோட்டரி கையெழுத்தோடு கொண்டுபோங்கள்.

கல்யாணத்தால் அவர் இந்தியராகிவிட மாட்டார், நீங்களும் நேபாளியாகிவிட மாட்டீர்கள். யாராவது ஓட்டர் ஐடி எடுத்துத் தருகிறேன் என்று வந்தால் துரத்திவிடுங்கள், வெளிநாட்டவர் கையில் அது இருந்தால் குற்றம், நாளைக்கு உங்கள் இரண்டு பேர் வாழ்க்கையையும் கெடுக்கும். முறையாக ஏழு வருஷம் வசித்தபிறகு இந்தியக் குடியுரிமை கேட்க அவருக்கு வழி இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நீங்கள் இந்தியர், அவர் சட்டப்படி இங்கே இருப்பவர், அதனால் இங்கே பிறக்கும் குழந்தை பிறப்பிலேயே இந்தியக் குடிமகன்தான்.

எண்ணூர் வாசகர்: கோலாலம்பூரில் உணவகத்தில் வேலை. மலேசியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்ய ஆசை. சிங்கப்பூர் மாதிரி இங்கே அனுமதி எங்கே வாங்குவது?

அங்கே நிலைமை இன்னும் இறுக்கம். நீங்கள் வைத்திருக்கும் தற்காலிக வேலை பாஸில் இருக்கிறவரை கல்யாணம் செய்யவே கூடாது என்பது நிபந்தனை. ஒப்பந்தத்தை முறைப்படி முடித்து, பாஸைக் கேன்சல் செய்து, ஊருக்கு வந்துவிட்டு, அப்புறம் கல்யாண ஏற்பாட்டைத் தொடங்குங்கள். மனைவி மூலமாக நீண்டகால சமூக வருகை பாஸ் கேட்கலாம், வேலை செய்ய அதில் தனி அனுமதி வாங்க வேண்டும். பாஸ் முடிந்தபிறகும் அங்கேயே தங்கிவிடாதீர்கள், கள்ளத்தனமாகத் தங்கிய ஒரு நாள் கூட பிறகு கணவனாக விண்ணப்பம் போடும்போது உங்களுக்கு எதிராக நிற்கும்.

வியாசர்பாடி வாசகர்: சிங்கப்பூரில் ஒரு பெண்ணைப் பேப்பரில் மட்டும் கல்யாணம் செய்தால் அங்கேயே தங்கி வேலை பார்க்கலாம், மூன்று லட்சம் கொடு என்கிறார் ஒருவர். பெண் ஒத்துக்கொண்டாளாம். ரிஸ்க் உண்டா?

தம்பி, இது 2012-லிருந்து அங்கே தனிக் குற்றம். பத்து வருஷம் வரை ஜெயில், 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கையெழுத்துப் போடுகிற நீங்களும் மாட்டுவீர்கள், அந்தப் பெண்ணும் மாட்டுவாள், ஏற்பாடு செய்கிறவரும் மாட்டுவார். ஏற்கனவே முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வாரமே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இன்னும் கொடுக்கவில்லை என்றால் அந்த நம்பரைப் பிளாக் செய்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அதுவரை எனக்கு மனசு ஆறாது.